அமெரிக்காவில் மருத்துவத் தகவல் தேடுவது எப்படி? மருத்துவ நூலக வலையமைப்புக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால், பல நேரம் முடிவு டாக்டர் கண்ணில் படுவதற்கு முன்பே நம் போனுக்கு வந்துவிடுகிறது. 2021 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, தக்க காரணமில்லாமல் நோயாளியிடமிருந்து முடிவுகளைத் தடுத்து வைக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சிவப்பு நிறத்தில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வரை என்ன செய்வது? கூகுளில் தேடினால் முதலில் விளம்பரம், அப்புறம் பயமுறுத்தும் வீடியோ, அதற்கும் கீழே யாரோ விற்கும் பொடி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பெரியப்பா ஒரு கஷாயம் சொல்வார்.

இதற்கென்றே மக்கள் வரிப்பணத்தில் ஓர் ஏற்பாடு பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாஷிங்டனை ஒட்டிய பெத்தெஸ்டாவில் இருக்கும் தேசிய மருத்துவ நூலகமும், அதனுடன் இணைந்த நாடு தழுவிய மருத்துவ நூலக வலையமைப்பும்தான் அது. புதிதாக வந்தவர்களில் பலருக்கு இது தெரியாது. பிறந்து வளர்ந்தவர்களுக்கும் பெரும்பாலும் தெரியாது. எதை முதலில் திறப்பது, எங்கே நிறுத்துவது, யாரிடம் கேட்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முன்னதாக ஒரு விஷயம். நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்றால் நூலகமும் வேண்டாம், தேடலும் வேண்டாம். 911 அழையுங்கள். கீழே உள்ள எல்லாம் அவசரமில்லாத கேள்விகளுக்கு.

இந்த வலையமைப்பு என்பது என்ன

தேசிய மருத்துவ நூலகம் 1836-ல் அமெரிக்க ராணுவத் தலைமை மருத்துவரின் அலுவலகத்தில் ஓர் அலமாரிப் புத்தகங்களாகத் தொடங்கியது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ மருத்துவர் பொறுப்பேற்று அதைப் பெரிய நூலகமாக வளர்த்தார். மருத்துவக் கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாக அட்டவணை போடும் வேலையை 1879-ல் அவர்தான் தொடங்கிவைத்தார். இன்று நாம் கணினியில் தேடும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைப் பட்டியலின் கொள்ளுத்தாத்தா அந்த அட்டவணை. 1956-ல் ராணுவத்திடமிருந்து பொது சுகாதாரத் துறைக்கு வந்து, 1968-ல் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஓர் அங்கமானது.

பெத்தெஸ்டாவில் எல்லாம் இருந்தாலும், மொன்டானாவின் சின்ன ஊரில் இருக்கும் டாக்டருக்கு ஒரு கட்டுரை போய்ச் சேருவது அன்று சுலபமில்லை. அதற்காகத்தான் 1965-ல் மருத்துவ நூலக உதவிச் சட்டம் வந்தது. நாட்டைப் பிராந்தியங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய மருத்துவப் பல்கலைக்கழக நூலகத்தைப் பொறுப்பாக்கினார்கள். 1967-ல் பாஸ்டனில் ஹார்வர்டின் கவுண்ட்வே நூலகம் முதல் பிராந்திய நூலகமானது. டாக்டர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் என்று ஆரம்பித்த வலை, 1997-ல் பப்மெட் எல்லோருக்கும் இலவசமானதும், 1998-ல் பொதுமக்களுக்கென்றே மெட்லைன்பிளஸ் என்ற தளம் வந்ததும், சாதாரண மக்கள் பக்கமும் திரும்பியது.

2021 மே மாதம் தொடங்கிய ஐந்தாண்டுச் சுற்றில் ஏழு பிராந்தியங்கள் இருந்தன. நம்மவர்கள் அதிகம் வசிக்கும் மாநிலங்களை மட்டும் சொல்கிறேன். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மேரிலாந்து எல்லாம் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஜார்ஜியா, ஃப்ளோரிடாவுக்குச் சார்ல்ஸ்டனில் உள்ள தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகம். டெக்ஸஸுக்கு ஃபோர்ட் வொர்த். அரிசோனா, கொலராடோவுக்கு யூட்டா பல்கலைக்கழகம். கலிஃபோர்னியாவுக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்கும் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். இல்லினாய், மிச்சிகன், ஒஹையோவுக்கு அயோவா பல்கலைக்கழகம். நியூயார்க், மாசசூசெட்ஸ், கனெக்டிகட்டுக்கு வூஸ்டரில் இருக்கும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. சுற்று முடிந்து ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பொறுப்பும் எல்லையும் மாறுவது வழக்கம். ஆகவே இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம், வலையமைப்பின் இணையதளத்தில் உங்கள் மாநிலத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி மனிதராக நீங்கள் பிராந்திய நூலகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. அதன் பயிற்சியும் கருவிகளும் உங்கள் ஊர்ப் பொது நூலகம் வழியாகத்தான் உங்களிடம் வந்து சேரும்.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் கேள்வியை முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘கிட்னி பிராப்ளம்’ என்பது கேள்வி ஆகாது. இந்தக் கட்டுரை முழுக்க ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடும் 68 வயது அம்மா. புதிய ரிப்போர்ட்டில், சிறுநீரகத்துக்கான அளவான இ.ஜி.எஃப்.ஆர் 41 என்று சிவப்பில் வந்திருக்கிறது. போன வருடம் 58. இங்கே உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்த எண் எதைச் சொல்கிறது? இந்த எண்ணோடு மெட்ஃபார்மினைத் தொடரலாமா? அடுத்து டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்? மூன்றுக்கும் பதில் கிடைக்கும் இடங்கள் வெவ்வேறு. ஒன்றாகக் குழப்பித் தேடுவதால்தான் பாதிப் பேர் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் இருக்கும் எழுத்துகளை அப்படியே ஆங்கிலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அலகையும் சேர்த்து எழுதுங்கள். பழைய ரிப்போர்ட் இருந்தால் தேதியோடு பக்கத்தில் வையுங்கள். ஒற்றை எண்ணைவிட, எண் போகும் போக்குதான் நிறையச் சொல்லும்.

மெட்லைன்பிளஸ்: பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்

மெட்லைன்பிளஸ் டாட் கவ். விளம்பரம் கிடையாது, பதிவு செய்ய வேண்டாம், பணம் கேட்காது. உலகின் எந்த மூலையிலிருந்தும் திறக்கலாம் என்பதால் ஊரில் இருக்கும் தம்பிக்கும் அனுப்பலாம். உள்ளே நான்கு பெரிய பகுதிகள் உண்டு: நோய்களும் நலத் தலைப்புகளும், மருந்துகளும் சத்து மாத்திரைகளும், மருத்துவப் பரிசோதனைகள், மரபியல்.

நம் உதாரணத்துக்கு மருத்துவப் பரிசோதனைகள் பகுதிக்குள் போய் இ.ஜி.எஃப்.ஆர் என்ற பக்கத்தை எடுங்கள். ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு சிறுநீரகம் எவ்வளவு வேகத்தில் வடிகட்டுகிறது என்று போடும் ஒரு கணக்கு அது என்று விளக்கியிருக்கும். 60-க்கு மேல் இருந்தால் பொதுவாக இயல்பு. 60-க்குக் கீழே மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோயாக இருக்கலாம். 15-க்குக் கீழே போனால் சிறுநீரகச் செயலிழப்பு. இந்த ‘மூன்று மாதம்’ என்ற இரண்டு சொல் மிக முக்கியம். அம்மாவின் 41 உண்மையான சரிவா, அல்லது வாந்தி பேதியில் உடல் வறண்டு போன வாரத்தில் எடுத்த ரத்தமா என்று ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. திரும்ப எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவுப் பதற்றத்தில் பாதி இங்கேயே வடிந்துவிடும்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகத் திருத்திய தேதி இருக்கும். அதைப் பார்க்கும் பழக்கம் வரவேண்டும். பக்கத்திலேயே டாக்டரிடம் கேட்கக்கூடிய கேள்விகளும் தொடர்புள்ள தலைப்புகளும் கிடைக்கும். அச்செடுத்து, உங்கள் கேள்விகளை ஓரத்தில் எழுதிக்கொண்டு போங்கள். செல்போனைத் துழாவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட ஒரு தாளை நீட்டினால் டாக்டர் நேராகப் பதில் சொல்லத் தொடங்குவார்.

மருந்துக் கேள்விகள்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மெட்ஃபார்மின் என்று மெட்லைன்பிளஸில் தேடினால் எளிய விளக்கம் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் டெய்லிமெட் என்ற தளம் இருக்கிறது. அதையும் தேசிய மருத்துவ நூலகமே நடத்துகிறது. மருந்துக் கம்பெனிகள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் கொடுக்கும் முழு விவரத் தாள்கள் அங்கே அப்படியே இருக்கின்றன. மருந்துப் பெட்டிக்குள் வெங்காயத் தோல் மாதிரி மடித்து வைத்திருக்கும் தாளின் பெரிய எழுத்து வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ஃபார்மின் விவரத் தாளில் சிறுநீரகம் பற்றிய பகுதியைத் தேடிப் படித்தால் நேரடியாகவே எண்கள் இருக்கும். இ.ஜி.எஃப்.ஆர் 30-க்குக் கீழே இருந்தால் இந்த மருந்து கூடாது. 30-க்கும் 45-க்கும் இடையில் இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்குவது பரிந்துரைக்கப்படவில்லை. ஏற்கெனவே சாப்பிடுபவருக்கு 45-க்குக் கீழே இறங்கினால் பயனையும் ஆபத்தையும் எடைபோட்டு டாக்டர் முடிவு செய்ய வேண்டும். ஆக, 41 என்பது ‘உடனே நிறுத்து’ என்ற எண் கிடையாது, ‘டாக்டரைக் கேள்’ என்ற எண். அதற்காகச் சும்மா விடக்கூடிய எண்ணும் இல்லை. நீங்களாகவே மாத்திரையை நிறுத்தி, சர்க்கரை 300-க்கு ஏறி நிற்பதுதான் இதைவிடப் பெரிய வம்பு.

நம் ஊர் மருந்துகளைத் தேடும்போது ஒரு சிக்கல் வரும். இந்தியாவில் பாராசிட்டமால் என்பது இங்கே அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் இங்கே அல்பியூட்டெரால். கிளிபென்கிளமைடு இங்கே கிளைபுரைடு. பிராண்ட் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் வராது, அல்லது வேறு எதுவோ வரும். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் போடுங்கள். சில மருந்துகள் எந்தப் பெயரில் தேடினாலும் டெய்லிமெட்டில் இருக்காது. ஊரில் வலிக்கும் காய்ச்சலுக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் நிமெசுலைடு அப்படி ஒன்று. அமெரிக்காவில் அதற்கு ஒப்புதலே கிடையாது. பெட்டியில் எடுத்து வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய மருந்து அது.

நாட்டு மருந்தும் சத்து மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்கள். மருந்துகளும் மூலிகைகளும் கல்லீரலை என்ன செய்யும் என்பதற்கு லிவர்டாக்ஸ். அமுக்கராவுக்கு அங்கே தனிப் பக்கமே இருக்கிறது. இங்கே அஸ்வகந்தா என்ற பெயரில் கடை கடையாக விற்கிறதே, அதுதான். பாலூட்டும் தாய்மார்களுக்கு லாக்ட்மெட். பால் சுரக்க வெந்தயம் சாப்பிடச் சொல்லும் பாட்டிகள் நம் வீட்டில் மட்டும் இல்லை போல, லாக்ட்மெட்டில் வெந்தயத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. வெந்தயத்தால் சிறுநீரிலும் வியர்வையிலும் மேப்பிள் பாகு வாசனை வரும், குழந்தைக்கும் அந்த வாசனை வந்தால் ஓர் அரிய பரம்பரை நோயோ என்று டாக்டர்கள் தவறாகச் சந்தேகப்படக்கூடும் என்பது வரை அதில் இருக்கிறது. பிரசவ ஆஸ்பத்திரியில் வெந்தயக் கஞ்சி குடித்ததை நர்ஸிடம் சொல்வது எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரியும்.

பப்மெட்: தேவைப்பட்டால் மட்டும்

மெட்லைன்பிளஸில் பதில் கிடைக்காதபோதோ, டாக்டர் சொன்ன ஒரு ஆராய்ச்சியைப் பார்க்க விரும்பும்போதோ பப்மெட்டுக்குப் போங்கள். 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் அங்கே இருக்கின்றன. இது கட்டுரைகளின் பட்டியல். பல குறிப்புகளோடு சுருக்கம் இருக்கும், முழுக் கட்டுரை எல்லாவற்றுக்கும் இருக்காது. பப்மெட்டில் ஒரு கட்டுரை இருக்கிறது என்பதால் அது சரி என்று அரசாங்கம் முத்திரை குத்திவிட்டது என்றும் அர்த்தமில்லை. யூட்யூபில் ‘பப்மெட்டிலேயே இருக்கிறது’ என்று கட்டுரை எண்ணைக் காட்டிப் பேசுபவர்களைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.

தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் சாதாரணச் சொற்களையே போடலாம். ‘ஹார்ட் அட்டாக்’ என்று போட்டால், அதை மருத்துவர்கள் எழுதும் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற தலைப்பிலும் சேர்த்துத் தேடிக்கொள்ளும். நூலகத்தார் 1960 முதல் பராமரித்து வரும் மருத்துவத் தலைப்புச் சொற்பட்டியல்தான் இந்த மாயத்தைச் செய்கிறது. மேற்கோள் குறி போட்டால் இந்த வசதி போய்விடும், ஆகவே ஆரம்பத்தில் போடாதீர்கள்.

மெட்ஃபார்மின், நாள்பட்ட சிறுநீரக நோய் என்று இரண்டையும் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். பயப்பட வேண்டாம். இடது பக்கம் உள்ள வடிகட்டிகளில் மூன்றைச் சொடுக்குங்கள்: முழுக் கட்டுரை இலவசம், முறைசார் மீளாய்வு, கடைசி 5 வருடம். முறைசார் மீளாய்வு என்பது ஒரு கேள்விக்குக் கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி எடைபோட்டு எழுதுவது. எலியில் செய்த ஒற்றைச் சோதனையைவிட நமக்கு இது எவ்வளவோ மேல்.

‘5 வருடம்’ என்று சொல்வதற்கு நம் உதாரணத்திலேயே காரணம் இருக்கிறது. முன்பு அமெரிக்காவில் இ.ஜி.எஃப்.ஆர் கணக்குப் போடும்போது நோயாளி கறுப்பினத்தவரா இல்லையா என்பதையும் ஒரு காரணியாகச் சேர்த்தார்கள். 2021-ல் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்கச் சிறுநீரகவியல் கழகமும் சேர்ந்து அமைத்த குழு அதை நீக்கச் சொல்லி, புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. அதே கிரியாட்டினினுக்குப் பழைய சூத்திரத்தில் ஓர் எண், புதியதில் வேறு எண். 2012 கட்டுரையில் உள்ள எண்ணையும் இன்றைய ரிப்போர்ட்டில் உள்ள எண்ணையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

சுருக்கத்தைப் படிக்கும்போது முடிவுரைக்கு நேராகத் தாவாமல், யாரை வைத்துச் சோதித்தார்கள், எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று பாருங்கள். பக்கத்தின் மேலே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற எச்சரிக்கை இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். ‘முன்பதிப்பு’ என்று போட்டிருந்தால், மற்ற நிபுணர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை என்று பொருள்.

முழுக் கட்டுரை வேண்டும், ஆனால் 40 டாலர் கேட்கிறது

கொடுக்காதீர்கள். முதலில் பக்கத்தில் பி.எம்.சி என்ற இணைப்பு இருக்கிறதா பாருங்கள். அது 2000-ல் தொடங்கிய இலவசக் கட்டுரைக் களஞ்சியம். தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பணத்தில் எழுதிய கட்டுரைகள் 2008 முதல் அங்கே வர வேண்டும் என்பது விதி. முன்பு பன்னிரண்டு மாதம் வரை தள்ளிப்போடப் பத்திரிகைகளுக்கு அனுமதி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

அங்கே இல்லையென்றால் கட்டுரையின் பப்மெட் எண்ணைக் குறித்துக்கொண்டு உங்கள் பொது நூலகத்துக்குப் போய், நூலகங்களுக்கு இடையேயான இரவல் வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலோ படிக்கும் கல்லூரியிலோ மருத்துவ நூலகம் இருந்தால் இன்னும் நல்லது. மருத்துவ நூலகங்கள் தங்களுக்குள் டாக்லைன் என்ற அமைப்பு வழியாகக் கட்டுரைகளைப் பரிமாறிக்கொள்கின்றன. நாம் நேரடியாக அதற்குள் நுழைய முடியாது, நூலகர்தான் கோரிக்கை போட வேண்டும். யாரிடம் அந்த இதழ் இருக்கிறது என்று அமைப்பே கண்டுபிடித்து வரிசையாக அனுப்பும். ஒருவர் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகும். ஒருவருக்கொருவர் கட்டணம் வாங்காமல் கொடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்ட நூலகங்களின் குழுவும் அதில் உண்டு. உங்களிடம் கட்டணம் உண்டா என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும், கோரிக்கை போடும் முன் கேட்டுவிடுங்கள்.

நூலகரிடம் போய் எப்படிக் கேட்பது

இந்த ஏற்பாட்டில் மிகக் குறைவாகப் பயன்படும் வசதி ஆள்தான். நம்மில் பலருக்கு நூலகரிடம் உடம்பு விஷயம் கேட்கக் கூச்சம். ஊர் நூலகத்தில் ‘சத்தம் போடாதே’ என்று முறைக்கும் ஆளைப் பார்த்து வளர்ந்ததன் பாதிப்பு அது. இங்கே கேள்விக்குப் பதில் தேடித் தருவது அவர்கள் வேலையின் முக்கியப் பகுதி. அமெரிக்க மருத்துவ நூலகச் சங்கம் பொதுமக்களுக்கான உடல்நலத் தகவல் சேவையில் தனிச் சான்றிதழே தருகிறது. அதற்கான வகுப்புகள் பலவற்றை இந்த வலையமைப்பு இலவசமாக நடத்துகிறது. உங்கள் ஊர் நூலகத்தில் அப்படிப் பயிற்சி பெற்றவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதில் தவறே இல்லை.

கவுண்ட்டரில் தயங்கி நிற்காமல் நேரே ‘ரெஃபரன்ஸ்’ மேசைக்குப் போங்கள். ‘சர்க்கரை நோயும் சிறுநீரகமும் பற்றி, பெரியவர்களுக்குப் புரியும்படி, மூன்று நான்கு பக்கத்தில் ஏதாவது வேண்டும்’ என்று சொன்னால் போதும். யாருக்கு, ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘உறவினர் ஒருவருக்கு’ என்பது மதிப்பான பதில்தான். பெரும்பாலான மாநிலங்களில் நூலகப் பயன்பாட்டு விவரங்களை ரகசியமாக வைக்கச் சட்டமும் இருக்கிறது. அந்தப் பக்கமிருந்து சில கேள்விகள் வரும்: ஏற்கெனவே எதைப் படித்தீர்கள், எவ்வளவு ஆழமாக வேண்டும், எந்த மொழியில். அது விசாரணை இல்லை, தேடலைச் சுருக்குவதற்காகக் கேட்பது.

ஒரு எல்லைக் கோடு உண்டு. ‘எங்கம்மாவுக்கு இது ஆபத்தா?’ என்று கேட்டால் நூலகர் பதில் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. தகவலை எடுத்துத் தருவார், அதற்குப் பொருள் சொல்வது டாக்டர் வேலை. ‘தெரிந்துகொண்டே சொல்ல மாட்டேன் என்கிறார்’ என்று கோபப்பட வேண்டாம். தெரிந்தது போல எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் ஆட்கள் நமக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.

நூலக அட்டை வாங்க, அடையாளச் சான்றும் உள்ளூர் முகவரிக்கான ஒரு தாளும் பொதுவாகப் போதும்: வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது இப்படி ஏதாவது. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு அட்டை கிடைக்காமல் போகலாம், உள்ளே உட்கார்ந்து கேட்பதற்கும் படிப்பதற்கும் அட்டை தேவைப்படாது.

தமிழில் வேண்டுமென்றால்

மெட்லைன்பிளஸின் ஸ்பானிஷ் பகுதி பெரும்பாலும் முழுமையானது. மற்ற மொழிகளில் உள்ளவை வெவ்வேறு அமைப்புகள் மொழிபெயர்த்த துண்டுத் தாள்களுக்கான இணைப்புகள், மொழிக்கு மொழி எண்ணிக்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தமிழுக்கு வேறு நாடுகளின் பக்கம் போவது நல்லது. குழந்தைகள் விஷயம் என்றால் டொராண்டோவின் சிக்கிட்ஸ் ஆஸ்பத்திரி நடத்தும் அபவுட்கிட்ஸ்ஹெல்த் தளத்தில் தமிழ்க் கட்டுரைகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா இரண்டு மாநிலங்களின் பன்மொழி உடல்நலத் தளங்களிலும் தமிழ்த் தாள்கள் கிடைக்கும். ஈழத்தமிழர்கள் கணிசமாகக் குடியேறிய நாடுகள் அவை, அங்கே தமிழில் தாள் போட வேண்டிய தேவை முன்பே வந்துவிட்டது. ஆனால் அங்குள்ள தொலைபேசி எண்களும் தடுப்பூசி அட்டவணைகளும் அமெரிக்காவுக்குப் பொருந்தா. நோய் விளக்கத்தை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

கணினி மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி மாத்திரை அளவு, ‘கூடாது’, ‘தவிர’ என்று வரும் வாக்கியங்களை முடிவு செய்யாதீர்கள். ஒரு எதிர்மறை விழுந்துவிட்டால் பொருள் தலைகீழ்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்பதிவின்போதே சொல்லுங்கள். மத்திய அரசின் நிதி பெறும் ஆஸ்பத்திரிகள் இதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் போனிலோ திரையிலோ ஒரு தமிழ் ஆள் வருவார். பத்து வயதுப் பேரனை வைத்துப் பாட்டியின் மாதவிடாய் வரலாற்றைக் கேட்க வைப்பது நம் வீடுகளில் சகஜமாக நடக்கிறது. அவசர நேரம் தவிர, சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்றே விதி இருக்கிறது.

சங்கத்திலோ கோயிலிலோ நிகழ்ச்சி நடத்த நினைப்பவர்களுக்கு

வலையமைப்பின் உறுப்பினராக அமைப்புகள் இலவசமாகச் சேரலாம். நூலகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, சமூக அமைப்புகளும் பள்ளிகளும் சேர்ந்திருக்கின்றன. தனி ஆளாக இருந்தாலும் இணையத்தில் ஒரு கணக்குத் தொடங்கி வகுப்புகளில் சேரலாம். உங்கள் தமிழ்ச் சங்கம் பதிவு பெற்ற அமைப்பு என்றால், செயலாளர் ஒருவர் மாலையில் உட்கார்ந்து முடித்துவிடக்கூடிய வேலை இது.

நிகழ்ச்சி என்றதும் நம் ஆட்கள் ஒரு டாக்டரைக் கூப்பிட்டு, நாற்பது ஸ்லைடு போட வைத்து, பிறகு இட்லி சாம்பாருக்கு வரிசையில் நிற்க வைப்பார்கள். என்னைக் கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒரே தலைப்பு, எல்லோர் கையிலும் அவரவர் போன். ‘உங்கள் வீட்டில் யாராவது சாப்பிடும் மாத்திரை ஒன்றை மெட்லைன்பிளஸில் கண்டுபிடியுங்கள்’ என்று சொல்லிவிட்டு, தடுமாறுபவர்கள் பக்கத்தில் போய் நிற்க இளைஞர்கள் நான்கு பேர். பொது நூலகத்தோடு சேர்ந்து நடத்தினால் அறை பெரும்பாலும் இலவசம், நூலகரும் கூட வருவார். கடைசியில் ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘வீட்டுக்குப் போய் உங்கள் வீட்டுக்காரருக்கு இதை எப்படிச் சொல்வீர்கள், எனக்குச் சொல்லிக்காட்டுங்கள்’ என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்களுக்கே கற்றுத்தரும் முறை இது. வந்தவர்களிடம் நோய் விவரம் எழுதி வாங்கும் படிவம் எதுவும் வேண்டாம், அந்தத் தாளை அப்புறம் யார் பத்திரமாக வைப்பது?

தாள்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். மெட்லைன்பிளஸில் நோய்த் தலைப்புச் சுருக்கங்கள், பரிசோதனை விளக்கங்கள், மரபியல் பக்கங்கள் பொதுச் சொத்து. மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். அதே தளத்தில் உள்ள மருத்துவக் கலைக்களஞ்சியமும் மருந்து விவரப் பக்கங்களும் வெளியாரிடமிருந்து உரிமம் பெற்றவை. அவற்றை அனுமதியில்லாமல் மொழிபெயர்த்து அச்சடிக்கக் கூடாது. பார்க்க எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், பக்கத்தின் அடியில் உள்ள உரிமை வரியைப் படித்தால் தெரிந்துவிடும். மொழிபெயர்த்ததைச் சங்கத்தில் உள்ள ஒரு டாக்டரும், ஆங்கிலம் அதிகம் தெரியாத ஒரு பெரியவரும் தனித்தனியாகப் படித்துப் பார்க்கட்டும். டாக்டர் பிழையைப் பிடிப்பார். பெரியவர் எங்கே நிறுத்தி நெற்றியைச் சுருக்குகிறார் என்று பாருங்கள், அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள்.

உறுப்பினர்களுக்குச் சிறு நிதியுதவிகளும் அவ்வப்போது அறிவிக்கப்படுவதுண்டு. மத்திய அரசின் பட்ஜெட்டைப் பொறுத்த விஷயம் என்பதால் அதை நம்பி மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். விண்ணப்பம் எழுத உட்காரும் முன் பிராந்திய அலுவலகத்துக்குப் பத்து வரியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: எந்த ஊர், என்ன தலைப்பு, எத்தனை பேர் வருவார்கள், எந்த நூலகம் கூட நிற்கிறது, பணம் எதற்கு. பொருந்தாது என்றால் அப்போதே சொல்லிவிடுவார்கள், பொருந்துமென்றால் எந்த வரியை மாற்ற வேண்டும் என்றும் சொல்வார்கள்.